வண்டிக்கு ஷெட் கட்டப் போறீங்களா? முடிக்கிற காசை முதலில் எடுத்து வையுங்கள்



ஒரு காலத்தில் நம்ம ஊரில் வண்டி என்றால் மாட்டு வண்டிதான். வேப்ப மரத்தடியில் அவிழ்த்துவிட்டால் போதும். இப்போது அப்படியா? குழுக் கடனிலும் வங்கிக் கடனிலும் ஆட்டோ வாங்கியவர்கள் இருக்கிறோம். ஸ்கூட்டர் வாங்கியவர்கள் இருக்கிறோம். 'குட்டி யானை' என்று நாம் சொல்லுகிற சின்ன லோடு வண்டி 2005-ல் வந்த பிறகு, காய்கறியும் பாலும் ஏற்றி அதையே பிழைப்பாக்கிக்கொண்ட குடும்பங்களும் உண்டு. வெயிலிலும் மழையிலும் நிற்கிற வண்டி சீக்கிரம் துருப்பிடிக்கும், சீட் கிழியும், வயரை எலி கடிக்கும். அதனால் வீட்டைப் பழுது பார்க்கும்போதே "வண்டிக்கும் ஒரு ஷெட் போட்டுடலாமே" என்று நினைப்பது நியாயமான நினைப்புதான்.

ஆனால் எங்கள் குழுவில் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். சம்பந்தப்பட்ட அக்காவே "எழுதுங்க, நாலு பேருக்குப் பிரயோஜனப்படட்டும்" என்று சொன்னதால் எழுதுகிறோம்.

அந்த அக்கா வீட்டில் கூரை மாற்றுகிற வேலை நடந்தது. கூடவே லோடு வண்டிக்கு ஷெட். அடுப்படிச் சுவரை ஒட்டி தூண் நட்டு, தகரமும் போட்டாச்சு. அதோடு கையில் இருந்த காசு தீர்ந்தது. "தரையை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிட்டார்கள். ஐப்பசி மழை வந்தது. ஷெட் தரை வாசலைவிடப் பள்ளமாக இருந்ததால் தெருத் தண்ணீர் எல்லாம் உள்ளே. அங்கிருந்து அடுப்படிக்குள். இரண்டு மூட்டை அரிசி நனைந்தது. வண்டிச் சக்கரம் சேற்றில் இறங்கி, மூன்று நாள் லோடு போகவில்லை. அவசரத்தில் நூற்றுக்கு 5 ரூபாய் வட்டிக்கு 40,000 ரூபாய் வெளியில் வாங்கி தரை போட்டார். இரண்டு மாதம் சேமிப்பு கட்டாதபோதுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது.

ஷெட் தொடங்குவது பெரிசில்லை. முடிப்பதுதான் பெரிசு. தூணும் கூரையும் கண்ணுக்குத் தெரிகிற வேலை. தரை, வாட்டம், பூச்சு, கதவு, கரண்ட் எல்லாம் கடைசியில் வருகிற வேலை. கடைசியில் வருவதால் அதற்குக் காசு இருக்காது. நம்மில் பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

1. முதலில் டேப்பைக் கையில் எடுங்கள்

"மேஸ்திரிக்குத் தெரியும்" என்று விடக்கூடாது. நம்ம வண்டியை நாமே அளப்போம். ஆட்டோ ஏறக்குறைய 8¾ அடி நீளம், 4¼ அடி அகலம் இருக்கும். சின்ன லோடு வண்டி 12½ அடி நீளம், 5 அடி அகலம், 6 அடி உயரம். ஸ்கூட்டர் 6 அடி நீளம். மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும்.

வண்டி நுழைந்தால் மட்டும் போதாது. கதவைத் திறந்து இறங்க இரண்டு பக்கமும் இரண்டரை அடி வேணும். பின்னால் லோடு இறக்க ஆள் நிற்க இடம் வேணும். அதனால் லோடு வண்டிக்கு 10 அடிக்கு 16 அடி என்று வைத்தால் சரியாக இருக்கும். வண்டி நுழைகிற வாசல் 8 அடி அகலம். லோடோடு உள்ளே வருமா என்பதையும் யோசித்து உயரத்தை முடிவு செய்யுங்கள்.

மாட்டுக்கும் அதே ஷெட், விறகுக்கும் அதே ஷெட், நெல் மூட்டைக்கும் அதே ஷெட் என்று எல்லாவற்றையும் சேர்க்க வேண்டாம். பெட்ரோல் இருக்கிற வண்டிக்குப் பக்கத்தில் வைக்கோலும் விறகும் இருந்தால் ஒரு பொறி போதும்.

2. இடம் நம்முடையதுதானா?

பட்டாவைப் பார்த்து எல்லையை அளந்துகொள்ளுங்கள். புறம்போக்கிலோ, வாய்க்கால் ஓரத்திலோ, பாதையை மறித்தோ கட்டினால் ஒருநாள் இடிக்கச் சொல்லுவார்கள். கட்டிய காசு திரும்பி வராது. என்ன அனுமதி வேண்டும் என்று கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மேலே மின்கம்பி போகிற இடத்தில் ஷெட் போடவே கூடாது. நீள இரும்புக் குழாயையும் தகரத்தையும் தூக்கும்போது கம்பியில் பட்டால் உயிர் போய்விடும்.

இன்னொன்று. மழை பெய்கிற நாளில் ஒரு தடவை அந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வருது, எங்கே போகுது என்று தெரியும். இதற்கு எந்த இன்ஜினியரும் வேண்டாம். நம்ம கண் போதும்.

3. பணத்தை மூன்றாகப் பிரிப்போம்

ஒரு நோட்டில் மூன்று தலைப்பு போடுங்கள். ஒன்று, கடைக்காலும் தூணும். இரண்டு, கூரை. மூன்று, முடிக்கிற வேலை. அதாவது தரை, சாய்தளம், பூச்சு, கதவு, கரண்ட், தண்ணீர் போக வழி. ஒவ்வொன்றுக்கும் பொருள் எவ்வளவு, கூலி எவ்வளவு, ஏற்றுகூலி எவ்வளவு என்று கடையில் விலை கேட்டு எழுதுங்கள். மொத்தத்துக்கு மேல் பத்தில் ஒரு பங்கு சேர்த்து வையுங்கள். விலை ஏறும், கல் உடையும்.

பிறகு முதலில் மூன்றாவது தலைப்புக் காசை எடுத்துத் தனியாகப் போடுங்கள். மீதியில் தூணும் கூரையும் வருமா என்று பாருங்கள். வராவிட்டால் ஷெட்டைச் சின்னதாக்குங்கள், இல்லை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். அதுவரை தார்ப்பாய் போட்டு மூடலாம். கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

கடன் வாங்கினால் எங்கே வாங்குகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். 40,000 ரூபாயை குழுவில் நூற்றுக்கு 1 ரூபாய் வட்டிக்கு வாங்கி, மாதம் 2,000 அசல் கட்டினால் 20 மாதத்தில் முடியும். வட்டி முதல் மாதம் 400 ரூபாய், பிறகு மாதத்துக்கு 20 ரூபாய் குறைந்துகொண்டே வரும். மொத்த வட்டி 4,200 ரூபாய். அதே பணத்தை வெளியில் 5 ரூபாய் வட்டிக்கு வாங்கினால் மாதம் 2,000 வட்டி மட்டுமே போகும். 20 மாதத்தில் 40,000 ரூபாய் கட்டியிருப்போம். அசல் 40,000 அப்படியே நிற்கும்! இரண்டு கணக்கையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

தொழிலுக்கு என்று வாங்கிய கடனை கட்டடத்தில் போடக்கூடாது. லோடு எடுக்கக் காசில்லாமல் ஷெட்டில் வண்டி நின்றால் தவணையை யார் கட்டுவது?

4. கடைக்காலும் தூணும்

மூலை சரியாக இருக்கா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. மூலையிலிருந்து ஒரு பக்கக் கயிற்றில் 3 அடியில் ஒரு குறி, இன்னொரு பக்கக் கயிற்றில் 4 அடியில் ஒரு குறி. இரண்டு குறிக்கும் நடுவே சரியாக 5 அடி வந்தால் மூலை நேர். இல்லாவிட்டால் கோணல். தகரம் போடும்போதுதான் கோணல் தெரியும். அப்போது திருத்த முடியாது.

10-க்கு 16 ஷெட்டுக்குப் பக்கத்துக்கு மூன்று வீதம் ஆறு தூண். நடுவில் 8 அடி இடைவெளி வரும். குழியை ஒன்றரை அடி சதுரத்தில், கெட்டி மண் வரும்வரை, குறைந்தது இரண்டரை மூன்று அடி ஆழம் தோண்ட வேண்டும். கரிசல் மண் ஊர்களில் இந்தக் கணக்கு போதாது. அந்த மண் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். அங்கே விவரம் தெரிந்தவரைக் கேட்காமல் குழி வெட்ட வேண்டாம்.

இரும்புக் குழாய் தூண் என்றால் அடியில் துருப்பிடிப்பதுதான் முதல் சேதம். தூணைச் சுற்றி தரைக்கு மேல் அரை அடி கான்கிரீட் ஏற்றி, தண்ணீர் வெளிப்பக்கம் வழிகிற மாதிரி சரிவாகப் பூசச் சொல்லுங்கள்.

பழைய வீட்டுச் சுவரில் ஓட்டை போட்டு ஷெட் கூரையை அதன் மேல் ஏற்றி வைப்பதும் வழக்கத்தில் இருக்கிறது. செலவு குறையும் என்று சொல்லுவாங்க. மண் சுவர், பழைய செங்கல் சுவர் என்றால் வேண்டவே வேண்டாம். புது ஷெட் தன் தூணில் தானே நிற்கட்டும்.

5. கூரை: மழை மேலிருந்து, காற்று கீழிருந்து

கூரைக்கு வாட்டம் வேணும். 10 அடி அகலத்துக்கு ஒரு பக்கம் 10 அடி உயரம், மறுபக்கம் எட்டரை அடி என்று வைத்தால் தண்ணீர் நிற்காது. உயரமான பக்கம் வீட்டை ஒட்டியும், தாழ்ந்த பக்கம் வெளியேயும் இருக்கட்டும். வழிகிற தண்ணீர் நம்ம இடத்திலேயே விழ வேண்டும். பக்கத்து வீட்டுச் சுவரில் விழுந்தால் சண்டைதான். ஓட்டு வீடாக இருந்து தாழ்வாரம் தாழ்வாக இருந்தால், ஷெட்டைக் கொஞ்சம் தள்ளியே போடுங்கள். இரண்டு கூரையும் சேருகிற இடத்தில்தான் ஒழுகும்.

பக்கம் திறந்த ஷெட்டில் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து மேலே தூக்கும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியபோது டெல்டா மாவட்டங்களில் தகரமும் ஷீட்டும் பறந்ததைப் பார்த்தவர்கள் நம்மில் உண்டு. கல்லையும் மணல் மூட்டையையும் கூரை மேல் வைத்தால் போதாது. ஷீட்டை கொக்கி போல்ட்டோ, ரப்பர் வாஷர் உள்ள ஸ்க்ரூவோ போட்டு குறுக்குச் சட்டத்தில் பிடிக்க வேண்டும். சட்டத்தைத் தூணோடு பிடிக்க வேண்டும். ஸ்க்ரூவை ஷீட்டின் மேட்டில் போட வேண்டும், பள்ளத்தில் போட்டால் தண்ணீர் இறங்கும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மலிவு என்று சிலர் சொல்லுவார்கள். எந்த வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. அறுக்கும்போதும் துளைக்கும்போதும் உடைக்கும்போதும் பறக்கிற தூசுதான் நுரையீரலுக்குள் போகும். அந்தத் தூசைக் கூட்டி அள்ளுவது யார்? நாம்தானே! துத்தநாகம் பூசிய தகரமோ கலர் ஷீட்டோ போடலாம். வீட்டில் ஏற்கெனவே பழைய ஆஸ்பெஸ்டாஸ் இருந்து கழற்றினால், நன்றாக நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

6. தரை: இதில்தான் ஷெட் முடியும்

ஷெட் தரை வாசல் மண்ணைவிட அரை அடி உயரமாக இருக்கட்டும். வீட்டுத் தரை ஷெட் தரையைவிடக் குறைந்தது 4 அங்குலம் உயரமாக இருக்கட்டும். அப்போதுதான் தண்ணீரும் எண்ணெயும் வீட்டுக்குள் வராது. எங்கள் அக்கா வீட்டில் தவறியது இந்த அளவுதான்.

கிராவல் கொட்டி, அரை அடிக்கு ஒரு தடவை தண்ணீர் தெளித்து, திமிசு போட்டு இடிக்க வேண்டும். இடிக்காமல் போட்டால் சக்கரம் ஏறுகிற இடத்தில் தரை உட்காரும். அதன் மேல் 4 அங்குலக் கான்கிரீட். ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி. 10-க்கு 16 தரைக்கு ஏறக்குறைய 10 மூட்டை சிமெண்ட், 25 கன அடி மணல் அல்லது எம்-சாண்ட், 50 கன அடி ஜல்லி வேண்டும். இந்தக் கணக்கு கையில் இருந்தால் யாரும் ஏமாற்ற முடியாது. ஒரு மூட்டைக்கு 30 லிட்டர் தண்ணீருக்கு மேல் ஊற்ற விடாதீர்கள். தண்ணீர் கூடினால் தள்ளிவிட லேசாக இருக்கும், ஆனால் தரை பலமில்லாமல் போகும்.

வாசல் பக்கம் வாட்டம் கொடுங்கள். ஒரு அடிக்கு கால் அங்குலம். 16 அடிக்கு 4 அங்குலம். உள்பக்கம் உயரம், வெளிப்பக்கம் தாழ்வு. தண்ணீர் நிரப்பிய டியூப்பை இரண்டு பக்கமும் பிடித்துப் பார்த்தால் சரியாகத் தெரியும். தரையை 8 அடி 8 அடியாக இரண்டு பாகமாகப் போட்டு நடுவில் இணைப்புக் கோடு விட்டால் வெடிப்பு குறையும். மேலே கண்ணாடி மாதிரி வழவழப்பாக இழைக்க வேண்டாம். தென்னந்துடைப்பத்தால் கோடு இழுத்துவிடுங்கள். மழை நாளில் ஸ்கூட்டர் வழுக்காது, நாமும் வழுக்கி விழ மாட்டோம்.

போட்ட மறுநாளிலிருந்து ஈரச் சாக்கு பரப்பி, குறைந்தது 10 நாள் காயவிடாமல் தண்ணீர் ஊற்றுங்கள். கொத்தனார் போய்விடுவார். இது வீட்டில் இருக்கிற நம்ம வேலை. கான்கிரீட் முழுப் பலம் பெற 28 நாள் ஆகும். அதுவரை லோடோடு வண்டியை ஏற்ற வேண்டாம்.

வெளியே இறங்க நான்கு அடி நீளச் சாய்தளம் போதும். ஏற்றம் இறக்கம் சுளுவாக இருக்கும்.

7. சுவர், கதவு, கரண்ட்

சுவர் வைத்தால் எதிரெதிர்ச் சுவர்களில் மேலும் கீழும் காற்றுத் துளை விடுங்கள். கேட் நம்ம இடத்துக்குள் திறக்கிற மாதிரி இருக்கட்டும். தெருப் பக்கம் திறந்தால் வருகிறவர் மேல் படும். இரும்பு எல்லாவற்றுக்கும் முதலில் துரு தடுக்கிற பிரைமர், பிறகு பெயிண்ட். பெயிண்ட் செலவு மிச்சம் என்று விட்டால் இரண்டு மழையில் கேட் துருப்பிடிக்கும்.

லைட்டும் பிளக்கும் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் போடட்டும். எர்த் கட்டாயம். ஷாக் அடித்தால் உடனே கரண்டை நிறுத்துகிற ஆர்.சி.சி.பி. என்கிற சின்னக் கருவியையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். இப்போது கரண்ட் ஸ்கூட்டர் வாங்குகிற குடும்பங்களும் இருக்கின்றன. கம்பெனி கொடுத்த சார்ஜரில் மட்டும் சார்ஜ் போடுங்கள். வீட்டை விட்டு வெளியேறுகிற ஒரே வாசலை மறித்து வண்டியை நிறுத்திச் சார்ஜ் போட வேண்டாம்.

ஒன்றை மறக்கவே கூடாது. கதவை மூடிவிட்டு உள்ளே இன்ஜினை ஓடவிடக் கூடாது. ஜெனரேட்டரும் அப்படித்தான். அந்தப் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், உயிரே போய்விடும். முதலில் கதவைத் திறங்கள், பிறகு சாவியைப் போடுங்கள். ஷெட்டில் பிள்ளைகளைத் தூங்க வைக்காதீர்கள்.

8. மேஸ்திரியிடம் பேசும்போது

"அண்ணே, பேசினதை ஒரு பேப்பரில் எழுதிக்கலாம்" என்று தைரியமாகச் சொல்லுங்கள். அளவு, கலவை, கூலி, எத்தனை நாள் எல்லாம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். மொத்தக் கூலியையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள். கடைக்கால் முடிந்தால் ஒரு பங்கு, கூரை முடிந்தால் ஒரு பங்கு, தரை முடிந்து ஒரு வாளி தண்ணீர் ஊற்றி அது வெளியே ஓடினால் கடைசிப் பங்கு. வேலை செய்கிறவருக்கும் கணக்கு தெளிவாக இருக்கும், நமக்கும் மனசு நிம்மதி.

"இது ஆம்பளைங்க வேலை, உனக்கென்ன தெரியும்" என்று யாராவது சொன்னால் கோபப்பட வேண்டாம். கடனுக்குக் கையெழுத்துப் போட்டது யார்? தவணை கட்டுவது யார்? அப்போ டேப் பிடிக்கவும் நமக்கு உரிமை உண்டு.

அந்த அக்கா இப்போது

விஷயம் தெரிந்ததும் யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. கூட்டத்தில் பேசி, குழுவின் உள்கடனில் 40,000 கொடுத்து வெளிக் கடனை அடைத்தோம். தீர்மான நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். இப்போது மாதம் தவறாமல் கட்டுகிறார். போன மழையில் அவர் வீட்டு ஷெட்டில் தண்ணீர் நிற்கவில்லை. "எங்கிட்ட முதல்லயே கேட்டிருந்தா 5 வட்டி கட்டியிருக்க மாட்டேனே" என்று அவரே சொல்கிறார். இல்லை அக்கா, நாங்கள்தான் முதலிலேயே உங்களைக் கேட்டிருக்கணும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுவோம்

- நம் குழுவில் யார் வீட்டில் பாதியில் நிற்கிற வேலை இருக்கிறது? அதை முடிக்க எவ்வளவு வேணும்?
- அதற்காக வெளியில் வட்டிக்கு வாங்கியவர்கள் இருக்கிறார்களா? வெட்கப்படாமல் சொல்லலாம்.
- புதிதாகக் கட்டப் போகிறவர் முடிக்கிற காசைத் தனியாக எடுத்து வைத்தாரா?